விஎஸ்எஸ் பணம் 90,000 வெள்ளி, எதில் போடுவது?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் 19 வருடம் வேலை பார்த்தீர்கள். வயது 43. கம்பெனி விஎஸ்எஸ் (தானாக விலகுபவருக்கு இழப்பீடு தரும் திட்டம்) கொடுத்ததில் 90,000 வெள்ளி, அதாவது ரிங்கிட், கைக்கு வந்திருக்கிறது. மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, சம்பளம் 1,900. கடன் தவணைகளையும் சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 4,200. வீட்டுக் கடன் பாக்கி 130,000, வட்டி 4.3 விழுக்காடு. கார் கடன் இன்னும் மூன்று வருடம். கிரெடிட் கார்டில் 11,000. மகள் படிவம் நான்கு, மகன் ஐந்தாம் ஆண்டு. ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் போடுவதா, யூனிட் டிரஸ்ட் நிதிகள் நடத்தும் ஏஎஸ்என்பியா, தங்கமா, இல்லை நண்பர் சொல்லும் மாதம் 5 விழுக்காடு கொடுக்கிற பாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) திட்டமா, எதில் போட்டால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியில் நான்கு இடங்கள் இருக்கின்றன. அடுத்த சம்பளம் எப்போது வரும் என்பது மட்டும் இல்லை. அதனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது: "அடுத்த வேலை அமைவதற்குள் இந்தப் பணம் கரைந்துவிடுமோ? கரையாமல் இருக்க என்ன செய்வது?" இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். எங்கே போடுவது என்பது தானாகவே பின்னால் வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஜார்ஜ் டவுன் லெபு பந்தாயில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். அப்புறம் கோலாலம்பூருக்கு வந்து நிதித் திட்டமிடல் உரிமம் எடுத்து, பிரிக்ஃபீல்ட்ஸில் சின்ன அலுவலகம் வைத்திருந்தேன். இப்போது பாதி ஓய்வு. உங்களிடம் விற்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

பணத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் கெடு உண்டு. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம், எஸ்ஐபி என்பார்களே, அதில் விஎஸ்எஸ் வாங்கியவர்களும் விண்ணப்பிக்கலாம். "நானாகக் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கிடைக்காது" என்று நினைத்து விட்டுவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். வேலை தேடும் படித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம் வரை வரும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 19 வருடம் உங்கள் சம்பளத்தில் எதை எதையோ பிடித்திருப்பார்கள், 2018-லிருந்து இதற்கும் பிடித்திருக்கிறார்கள். உங்கள் காசுதான், போய் வாங்குங்கள்.

வருமான வரி பற்றியும் ஒரு சொல். வேலை இழப்புக்கு ஈடாகக் கொடுக்கும் தொகையில், முழுமையாக வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10,000 வெள்ளி வரை வரி கிடையாது. உங்களுக்கு அது 190,000 வரை வரும் என்பதால் 90,000 உள்ளே அடங்கிவிடும். ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. கம்பெனி கொடுத்த கடிதத்தில் எவ்வளவு இழப்பீடு, எவ்வளவு பணிக்கொடை, எவ்வளவு எடுக்காத விடுப்புக்கான காசு என்று பிரித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விதி பொருந்தாது. உங்கள் கடிதத்தை நான் பார்க்கவில்லை, ஆகவே அந்தக் கடிதத்தோடு வருமான வரி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த மாதம் 5 விழுக்காட்டைப் பேசிவிடுவோம். நீங்கள் அதைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் மனம் அங்கேதான் நிற்கிறது என்று தெரிகிறது. 90,000-க்கு 5 விழுக்காடு என்றால் மாதம் 4,500. உங்கள் வீட்டுச் செலவு 4,200. வேலையே தேட வேண்டாம் என்று சொல்வதுபோல் கணக்கு அழகாக உட்காருகிறது. வேலை போனவனுக்கு இதைவிட இனிப்பான எண் கிடையாது. அதே எண்ணைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள். மாதம் 5 விழுக்காட்டை எடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு வருடத்தில் பணம் ஏறக்குறைய 80 விழுக்காடு வளரும். பத்து வருடத்தில் உங்கள் 90,000, மூன்று கோடியே 14 லட்சம் வெள்ளியாகும். இப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் 90,000 எதற்கு? வங்கியில் 10 விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியே உலகத்தை வாங்கிவிடலாமே.

உங்கள் நண்பர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஒவ்வொரு மாதமும் பணம் வந்திருக்கும். இந்த வகைத் திட்டம் ஓடுவதே அப்படித்தான்: பின்னால் வருபவர் போட்ட பணத்திலிருந்து முன்னால் வந்தவருக்குக் கொடுப்பார்கள். 20 மாதம் கொடுத்தாலும் அவர் போட்ட அசலைத்தான் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்கு ஒருமுறை பொதுப்பணித் துறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் வந்தார். நெகிழிக் கோப்பு ஒன்றை மேசை மேல் வைத்தார். உள்ளே வங்கியில் பணம் சேர்ந்ததற்கான ஏழு சீட்டுகள், தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரு கிளிப். எட்டாவது சீட்டுக்கு இடம் விட்டே கிளிப் போட்டிருந்தார். "ஏழு மாசம் சரியா வந்துச்சுங்க, எட்டாவது மாசம்தான் சிஸ்டம் அப்கிரேடுன்னு சொன்னாங்க" என்றார். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த எட்டாவது சீட்டு வரவில்லை.

சோதிக்க வழி உண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனும் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகின்றன. அதில் பெயர் இருந்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. பெயர் இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமில்லை, இன்னும் யாரும் புகார் செய்யாமல் இருந்திருக்கலாம். உரிமம் வைத்திருப்பவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் சரியான கேள்வி. இன்னொன்று, உங்கள் நண்பரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். "அசல் முழுவதையும் ஒருமுறை வெளியே எடுத்துக் காட்டு, பிறகு நானும் வருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவரையும் காப்பாற்றியதாக இருக்கும்.

சரி, மீதிக்கு வருவோம். நான் கணக்குப் போடும்போது பணத்துக்கு முதலில் தேதி போடுவேன். எந்த வெள்ளி எந்த மாதம் தேவைப்படும் என்று. லாபம் எவ்வளவு என்பது அதற்கப்புறம்தான். நாளைக்கே தேவைப்படும் பணத்தைப் பத்து வருடம் வளரும் இடத்தில் போட்டால், இடம் எவ்வளவு நல்லதானாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1996-ல் செகண்ட் போர்டு எனப்பட்ட சின்னக் கம்பெனிப் பங்குகள் தீயாய் ஏறிய காலம். மதிய உணவு நேரத்தில் லெபு பந்தாய் பக்கம் பங்குத் தரகு அலுவலகத்தின் கேலரியில் நிற்க இடம் கிடைக்காது. ஓய்வு பெற்ற வாத்தியார்கள், கடைக்காரர்கள், எங்கள் வங்கி அலுவலகப் பையன்கள், எல்லோரும் கையில் பொட்டலம் நாசி கண்டாரோடு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு ரெமிசியர் (பங்குத் தரகர்) காதில் சொன்ன பெயரை நம்பி, தங்கை கல்யாணத்துக்கென்று வைத்திருந்த 12,000 வெள்ளியைப் போட்டேன். கல்யாணம் 1998 ஜனவரி. கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1997 பிப்ரவரியில் 1,270-ஐத் தாண்டி நின்றது, 1998 செப்டம்பர் 1-ஆம் தேதி 262-க்கு வந்தது. கல்யாணத்துக்கு நான் விற்றபோது கிடைத்தது 3,000-க்கும் குறைவு. குறியீடு பழைய உயரத்துக்குத் திரும்ப 2007 ஆனது. பத்து வருடம் காத்திருக்க முடிந்தவனுக்கு, அதுவும் நல்ல கம்பெனிப் பங்கு வைத்திருந்தவனுக்கு, அது ஒரு கெட்ட கனவோடு போயிற்று. எனக்கோ பந்தல்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று.

உங்கள் 90,000-க்குத் தேதி போட்டுப் பார்க்கிறேன். கிரெடிட் கார்டு 11,000-ஐ இந்த வாரமே கட்டிவிடுங்கள். தவறாமல் கட்டுபவருக்கு 15, மற்றவருக்கு 18 விழுக்காடு வரை வட்டி போகிறது. குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் அசல் அசையாது. கார்டைக் கட்டினால் அந்த வட்டி மிச்சம் என்பது உறுதி. நீங்கள் கேட்ட நான்கு இடத்தில் எதுவும் 18 விழுக்காட்டை உறுதியாகத் தராது. மீதி 79,000.

மனைவி சம்பளம் போக மாதம் 2,300 துண்டு விழுகிறது. கார்டு தவணை இனி இல்லை என்பதால் கொஞ்சம் குறையும், ஆனாலும் 2,300 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு 27,600. பெர்கேசோ காசு வந்தால் சுமை இன்னும் இறங்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் 30,000 ஒதுக்குங்கள். 43 வயதில் பழைய சம்பளத்துக்கே வேலை கிடைக்க ஒரு வருடம் ஆகுமா, இரண்டு மாதத்தில் ஆகுமா என்பது யாருக்கும் தெரியாது. பத்து காவான் தொழிற்பேட்டைப் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், உங்கள் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்பது வேறு விஷயம். மீதி 49,000.

மகளுக்குப் படிவம் ஐந்தின் எஸ்பிஎம் தேர்வு முடிந்தவுடன் காசு வேண்டும். அரசாங்க மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) கிடைத்தால் செலவு குறைவு, கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. இரண்டில் எது என்று இப்போது தெரியாது, அதனால் 20,000 தனியே. இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் என்பதால் பிக்சட் டெபாசிட் போதும். வங்கி மூழ்கினால் வைப்புப் பணத்தைத் திருப்பித் தரும் பிஐடிஎம் பாதுகாப்பு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 வரை உண்டு. இபிஎஃப்பில் உங்கள் செஜாத்ரா கணக்கிலிருந்தும் (ஓய்வுக்கு முன்பே வரும் தேவைகளுக்கான பகுதி) பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்க வழி இருக்கிறது, அதை இரண்டாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் முதலீடு என்று பேசக்கூடியது 29,000 மட்டும். கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும், எனக்குத் தெரியும்.

இந்த 29,000-க்கு இபிஎஃப் சொந்தச் சந்தா நல்ல இடம். வருடத்துக்கு 100,000 வரை போடலாம். வழக்கமான (ஷரியா அல்லாத) கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் வருவது அந்த அந்த வருடத்தைப் பொறுத்தது: 2020-ல் 5.20, 2021-ல் 6.10, 2022-ல் 5.35, 2023-ல் 5.50, 2024-ல் 6.30. அடுத்த வருடமும் 6 வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து போடும் பணம் மூன்றாகப் பிரிகிறது. உங்கள் 29,000-இல் 21,750 ஓய்வுக்காலக் கணக்குக்குப் போய் 55 வயது வரை அங்கேயே இருக்கும். 4,350 செஜாத்ராவுக்கு. நினைத்தபோது எடுக்கக்கூடியது 2,900 மட்டும். ஆகவே வேலை உறுதியாகும் வரை போடாதீர்கள். வேலை கிடைத்து, சோதனைக் காலம் முடிந்து, உங்கள் பெயரில் சந்தா மறுபடி ஏற ஆரம்பித்த பிறகு போடுங்கள்.

ஏஎஸ்என்பியில் நம்மவர்கள் வாங்கக்கூடிய அமானா சஹாம் மலேசியா போன்ற நிலைவிலை நிதிகளில் ஒரு யூனிட் ஒரு வெள்ளி, ஏறவும் இறங்கவும் செய்யாது, வேண்டியபோது எடுக்கலாம். உங்கள் நிலைமைக்கு அது மிகப் பொருத்தம். பிஐடிஎம் பாதுகாப்பு இதற்குக் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் பெரும் தொல்லை வேறு: யூனிட் கிடைக்காது. செயலியில் 5,000 என்று அடித்தால் மறுக்கும், 500 மறுக்கும், 137 என்று அடித்தால் சில சமயம் போய்விடும். என் மனைவி காலையில் காப்பி ஆறும் நேரத்தில் இதை ஒரு விரதம்போல் செய்கிறாள். கிடைத்தவரை வாங்குங்கள், வேலை கிடைக்கும்வரை அந்த 29,000-இல் ஒரு பங்கு அங்கே நிற்கட்டும்.

தங்கம் பற்றிச் சுருக்கமாக. வீட்டில் ஆசைக்கு ஒரு சங்கிலி வாங்குவதென்றால் வாங்குங்கள், அதை முதலீடு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். 916 நகையை லெபு பாசாரில் வாங்கி மறுநாள் அதே கடையில் விற்றால் செய்கூலி போயிருக்கும். அவசரத்துக்கு அடகு வைத்தால் மாதம் 2 விழுக்காடு வரை, வருடத்துக்கு 24. விலை இனியும் ஏறுமா என்பது எனக்குத் தெரியாது, தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்பவரையும் நான் நம்புவதில்லை. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் வரை போன தங்கம் 1999-ல் 260-க்கும் கீழே கிடந்தது. சமீப வருட ஏற்றத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தப் பத்தொன்பது வருடம் ஞாபகத்தில் இல்லை.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். கம்பெனி மருத்துவக் காப்புறுதி அட்டை வேலையோடு போய்விட்டதா என்று பாருங்கள். 43 வயதில், உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாக ஒன்று எடுக்கலாம், சர்க்கரை வந்த பிறகு கேட்டால் கதை வேறு. எடுக்கும்போது ஏஜென்ட் முதலீட்டையும் சேர்த்து விற்கப் பார்ப்பார், உங்களுக்கு வேண்டியது மருத்துவப் பாதுகாப்பு என்று பிடிவாதமாக இருங்கள். இரண்டாவது, கைமாற்று. விஎஸ்எஸ் வந்த செய்தி பினாங்குப் பாலத்தைத் தாண்ட ஒரு நாள் போதும். பட்டர்வொர்த் சித்தப்பாவிலிருந்து கூலிம் மச்சான் வரை எல்லோருக்கும் திடீரென்று கஷ்டம் வரும். "வீட்டுக் கடனில் போட்டுவிட்டேன், கையில் இல்லை" என்று சொல்லலாம்.

அது பொய்யாக இருக்க வேண்டியதும் இல்லை. வீட்டுக் கடன் முழு ஃப்ளெக்ஸி வகை என்றால், அந்த 30,000-ஐ அதன் கணக்கிலேயே வைக்கலாம். வைத்த தொகைக்கு 4.3 விழுக்காடு வட்டி ஓடாது, தேவைப்பட்ட மாதம் எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கடனாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், போன பணம் திரும்ப வராது, அப்போது பிக்சட் டெபாசிட்தான். கார் கடனை முன்கூட்டி அடைப்பதில் பெரிய லாபமில்லை, அந்தக் கடனில் வட்டியின் பெரும் பங்கை ஆரம்ப வருடங்களிலேயே கட்டிவிட்டீர்கள்.

மூன்று மாதம் ஒன்றும் செய்யாமல் வைத்திருந்தால் பணம் சும்மா கிடக்கிறதே என்று மனம் அரிக்கும். கணக்குப் பாருங்கள். 6 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் போடாமல் 3 விழுக்காட்டில் வைத்திருந்தால், 90,000 முழுவதற்கும் மூன்று மாதத்தில் விட்டுப்போவது 675 வெள்ளி. அவசரப்பட்டு நான் 1996-ல் விட்டது அதைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

கடன் தவணை நெருக்கினால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேவில் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள், 2006-லிருந்து நடக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதைக்கு எனக்கு இரண்டு பதில் வேண்டும்: உங்கள் வீட்டுக் கடன் முழு ஃப்ளெக்ஸியா, செமி ஃப்ளெக்ஸியா (கூடுதலாகக் கட்டியதை எடுக்க வங்கியிடம் விண்ணப்பிக்க வேண்டிய வகை), சாதாரணமா? கடைசி வேலை நாள் எது? முதல் பதிலைப் பொறுத்து 30,000 எங்கே நிற்கும் என்பது மாறும். இரண்டாவது, பெர்கேசோ கெடுவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பார்க்க.